பிசினஸ் பிளான் எங்கே உதைக்கிறது? அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து, வெட்டிச் சுத்தம் செய்து, பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில் என்னுடையது. ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு பிசினஸ் பிளான் எழுதினேன். நாலாவது மாதம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதினேன், அதை பேங்க் திருப்பி அனுப்பிய பிறகு மூன்றாவது. இந்தக் கூத்தெல்லாம் தண்டையார்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும் என்பதால், இப்போது மாதம் ஒருவராவது "அண்ணே, ஒருவாட்டி பாத்துக் குடுங்க" என்று ஃபைலோடு வந்துவிடுகிறார்கள். டிபன் கடை, எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குச் சரக்கு தைத்துக் கொடுக்கிற யூனிட், மொபைல் ஆப், கருவாடு பேக்கிங் என்று விதவிதமாக வருகிறது. தொழில்தான் வேறு வேறு, ஓட்டை விழுகிற இடம் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

அதனால் பிளான் எழுதுவது எப்படி என்று முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது ஏதோ ஒரு இடத்தில் உதைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே உங்கள் அறிகுறி எது என்று பார்த்து அதை மட்டும் படித்தால் போதும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு பென்சில்

பிளானை பிரிண்ட் எடுங்கள். அதில் எங்கெல்லாம் ஒரு எண் இருக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள். நேரில் நின்று எண்ணியது, எடை போட்டது, பில் பார்த்தது என்றால் 'எ'. விவரம் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கியது என்றால் 'கே'. வீட்டில் ஃபேன் அடியில் உட்கார்ந்து, இவ்வளவு இருக்கும் என்று நாமே போட்டது என்றால் 'நா'.

என் முதல் பிளானில் 64 எண்கள். அதில் 51 'நா'. வாடகை, ஃப்ரீசர் விலை, வண்டித் தவணை மாதிரி சிலதுதான் வெளியே போய் வந்த எண்கள், மிச்சம் எல்லாம் என் கற்பனை, அதுவும் எக்செல்லில் போட்டதும் இரண்டு தசம ஸ்தானத்தோடு ரொம்ப மரியாதையாகத் தெரிந்தது. 'நா' இருப்பதே தப்பில்லை, இன்னும் ஆரம்பிக்காத தொழிலில் அது இருக்கத்தான் செய்யும். எது 'நா' என்று தெரியாமல் அதன் மேலேயே அடுத்தடுத்து மாடி கட்டுவதுதான் பிரச்சினை.

அறிகுறி: மார்க்கெட் பெரிது என்று எழுதியிருக்கிறேன், படிக்கிறவர் முகத்தில் அசைவே இல்லை

முதல் பிளானில் நான் எழுதியது இதுதான். 2011 கணக்கெடுப்புப்படி சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46 லட்சத்துச் சொச்சம், அதில் மீன் சாப்பிடுகிறவர்கள் இத்தனை, அதில் வெறும் ஒரே ஒரு சதவீதம் நம்மிடம் வந்தால் போதும். அந்த "வெறும்" என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். ஒரு சதவீதம் என்பது தானாக வந்து விழுகிற பிச்சை கிடையாது. அந்த ஒரு சதவீதத்தில் முதல் ஆள் யார், எந்தத் தெரு, அவர் இப்போது யாரிடம் வாங்குகிறார், ஏன் மாறுவார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பேங்கில் இருந்தவர் கேட்கவும் இல்லை, பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

சரிசெய்வது இப்படி. மேலேயிருந்து வகுக்காமல் கீழேயிருந்து கூட்டுங்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரைதான் வீட்டுக்கு மீன் கொண்டுபோக முடியும், அதற்கு மேல் போனால் சமையல் ஆரம்பித்திருப்பார்கள். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். ஒரு ஆர்டருக்கு, வண்டியை நிறுத்தி, மாடி ஏறி, சில்லறை கொடுத்து இறங்குவது உட்பட, 12 நிமிடம் ஆகிறது என்று நானே ஒரு வாரம் வண்டியில் போய்ப் பார்த்தேன். ஒரு பையனால் 15 வீடு. என் பிளானிலோ இரண்டு பையன்கள், நாளைக்கு 80 ஆர்டர். மார்க்கெட் எத்தனை கோடியாக இருந்தால் என்ன, இரண்டு பையன்களால் 30 வீட்டுக்குமேல் போக முடியாது.

அந்த 30-ம் நல்ல நாளில்தான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் ஒரு ஆர்டர் போச்சு, மழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது பிளானில் 24 என்று போட்டேன். அந்த 24-ஐப் படித்ததும்தான் பேங்க்காரர் முதல் கேள்வி கேட்டார்: "ஏன் 24, ஏன் 30 இல்லை?" கேள்வி வந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கேட் கதையைச் சொன்னேன், சிரித்தார், அவரும் அந்தக் கேட்டில் நின்றவர்தான் போல.

அறிகுறி: "எங்களுக்குப் போட்டியே இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது

அடித்துவிடுங்கள். எனக்குப் போட்டி இன்னொரு ஆப் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கூடையோடு தெருவுக்குள் வந்து, கடன் சொன்னாலும் கொடுத்துவிட்டு, "பாப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டுப் போகிற மீன்காரம்மாதான் போட்டி. அவருக்கு ஃப்ரீசரும் கிடையாது, வாடகையும் கிடையாது. அவரைவிட எனக்கு எது கூடுதலாக முடியும் என்று ஒரே ஒரு வரி எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. வேலைக்குப் போகிற வீட்டில் அவர் வருகிற பத்து மணிக்கு யாரும் இருப்பதில்லை, அவ்வளவுதான் பதில்.

அறிகுறி: விற்பனை ஏறுகிறது, லாபம் இறங்குகிறது

இது என்னைக் கிட்டத்தட்ட முடித்துவிட்ட அறிகுறி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஏலத்தில் முழு மீனாக வாங்குகிறோம், வெட்டிச் சுத்தம் செய்ததை எடை போட்டு விற்கிறோம். நடுவில் தலை, செதில், குடல், ஓடு என்று போகிறது. இதற்கு "கழிவு போக 70 சதவீதம் நிற்கும்" என்று ஒரே ஒரு எண்ணை எல்லா மீனுக்கும் பொதுவாகப் போட்டிருந்தேன். பென்சில் கணக்கில் அது கொழுத்த 'நா'. இறால் அந்த வாரம் கிலோ 350 ரூபாய், சுத்தம் செய்யக் கூலி 40, ஆக 390. அதை 0.70-ஆல் வகுத்தால் சுத்தம் செய்த கிலோவுக்கு அடக்கம் 557. விலை 640 வைத்தேன். கிலோவுக்கு 83 ரூபாய் நிற்கிறது, அதில் ஐஸ், பேக்கிங், பெட்ரோல் போனாலும் பரவாயில்லை என்று தைரியம்.

இரண்டு மாதம் கழித்து, நல்ல விற்பனை ஆன வாரங்களில்தான் கையில் காசு குறைகிறது என்று கவனித்தேன். பையன்கள் மேலே சந்தேகப்பட்டேன், அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, இறால் உரிக்கிற அக்கா பக்கத்தில் தராசோடு போய் உட்கார்ந்தேன். சரியாக ஒரு கிலோ அளந்து தட்டில் கொட்டினேன். அவர் கை பாட்டுக்கு வேலை செய்தது: தலையைத் திருகி எறிந்து, ஓட்டை உரித்து, முதுகில் கருப்பு நரம்பை நகத்தால் இழுத்து, தண்ணீரில் ஒரு அலசு. முடிந்ததும் திரும்பத் தராசில் வைத்தேன். 540 கிராம். தராசு கெட்டுப்போச்சோ என்று இன்னொரு கிலோ போட்டேன், 530. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா தம்பி, தலயும் ஓடும் போனா பாதிதான நிக்கும். இது தெரியாமயா யாவாரத்துக்கு வந்த?"

390-ஐ 0.54-ஆல் வகுத்தால் 722. நான் விற்றது 640-க்கு. கிலோவுக்கு 82 ரூபாய் கைக்காசைப் போட்டு இறால் விற்றுக்கொண்டிருந்தேன், அதுவும் எங்களிடம் அதிகமாக ஓடியதே இறால்தான், ஏனென்றால் ஊரிலேயே எங்களிடம்தான் விலை குறைவு. வஞ்சிரத்தில் 70 சதவீதத்துக்குமேல் நின்றதால் அந்த லாபம் இந்த நஷ்டத்தை மூடி, மொத்தத்தில் பார்த்தால் ஏதோ ஓடுகிற மாதிரி காட்டிவிட்டது.

உங்கள் பிளானில் சோதிக்க வேண்டியது: எங்கெல்லாம் "சராசரி" என்று ஒரு எண் நிற்கிறதோ அதைப் பிரியுங்கள். ஒரு பொருள், ஒரு யூனிட், அடக்கம் என்ன, விலை என்ன, நடுவில் என்ன நிற்கிறது. இட்லி, தோசை, பொங்கல் மூன்றுக்கும் ஒரே மார்ஜின் போட்டுக் கொண்டுவந்த ஒருவருக்கும் இதே கதைதான். பொங்கலில் போகிற நெய்யும் முந்திரியும் தோசை லாபத்தைத் தின்றுகொண்டிருந்தன. தையல் யூனிட் என்றால் வெட்டில் போகிற துணி, ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருகிற பீஸ். எல்லாத் தொழிலிலும் ஒரு இறால் ஓடு உண்டு, அது எது என்று தராசு வைத்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பேப்பரில் லாபம் நிற்கிறது, சரக்கெடுக்கக் காசில்லை

காசிமேட்டு ஏலத்தில் எனக்குக் கடன் கொடுக்க ஆளில்லை, கையில் துட்டு, கூடையில் மீன். நான் சப்ளை செய்த ஒரு ஹோட்டலோ (பேர் வேண்டாம்) பதினைந்து நாளில் பணம் என்று சொன்னது. தினம் 20 கிலோ, கிலோ 300, அதாவது ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் பில். எனக்கு அடக்கம் 5,280, லாபம் 720. கையில் இருந்த முதலீடு 2 லட்சம். பிளான்படி எல்லாம் அழகு.

பதினைந்து நாள் முப்பது நாள் ஆனது, "அக்கவுண்டன்ட் லீவு" என்று முப்பத்தைந்து ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 37 நாளில் நான் சரக்குக்குக் கொடுத்தது 1,95,360. முப்பத்தெட்டாம் நாள் காலை கையில் 4,640 ரூபாய், அன்றைக்குச் சரக்கு எடுக்கத் தேவை 5,280. லாப நஷ்டக் கணக்கைத் திறந்தால் அதுவரை 26,640 ரூபாய் லாபம் என்று சிரிக்கிறது. லாபத்தில் இருந்துகொண்டே அன்று நான் காலிக் கூடையோடு நின்றேன். நாற்பதாம் நாள் பணம் வந்தது, ஆனால் அந்த இரண்டு நாளில் வீட்டு டெலிவரி வாடிக்கையாளர்கள் நாலு பேர் போனவர்கள் போனவர்கள்தான்.

பிழை இருக்கிற இடம்: லாப நஷ்டப் பக்கம் இருக்கிறது, காசு வரவு செலவுப் பக்கம் இல்லை. இரண்டும் வேறு. வித்த அன்றைக்கே விற்பனை என்று எழுதுவது ஒன்று, பணம் கைக்கு வருகிற நாளில் மட்டும் எழுதுவது இன்னொன்று. முதல் ஆறு மாதத்துக்காவது வாரம் ஒரு கட்டமாக இரண்டாவதைப் போடுங்கள். அதில் எந்த வாரத்தில் தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ அதன் ஆழம்தான் உங்களுக்கு உண்மையில் வேண்டிய முதலீடு. அப்புறம் "பணம் வரும் நாள்" என்ற எண்ணை இரண்டு மடங்காக்கி இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

இதில் ஒரு சட்டமும் இருக்கிறது. 2006-ல் வந்த எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் உண்டு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரை வைத்து நாமே போடலாம், யாராவது இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் ஒரு கொக்கி: பொருளை வாங்கி அப்படியே விற்கிற வியாபாரிக்கு அந்தப் பதிவு பேங்க் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் உதவும், இந்த 45 நாள் பாதுகாப்பு வராது. நீங்கள் செய்வது உற்பத்தியா, சேவையா, வெறும் வியாபாரமா என்பதை முதல் பக்கத்திலேயே சரியாக எழுதுங்கள். சட்டம் கையில் இருந்தாலும் தினம் சரக்கெடுக்கிற ஹோட்டல் மேலே யார் புகார் கொடுக்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு, கூலி என்று தொழிலை அன்றாடம் ஓட்ட வேண்டிய பணம், எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லை என்றால், பேங்குகள் சின்னத் தொழில்களுக்குப் பயன்படுத்துகிற ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது, நாயக் கமிட்டி முறை என்பார்கள். எதிர்பார்க்கிற ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, அதில் 20 பேங்க், 5 நம் கைக்காசு. 36 லட்சம் விற்பனை என்று எழுதினால் தேவை 9 லட்சம், பேங்க் 7 லட்சத்து 20 ஆயிரம், நாம் 1 லட்சத்து 80 ஆயிரம். அதற்காக விற்பனையை ஊதிவிட்டால் கடன் கூட வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அடுத்த வருடம் அந்த விற்பனை எங்கே என்று அவர்கள்தான் கேட்பார்கள்.

அறிகுறி: பன்னிரண்டு மாதமும் ஒரே எண், ஏப்ரலில் கவிழ்கிறது

வருட விற்பனையைப் பன்னிரண்டால் வகுத்து இழுத்துவிட்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், பிப்ரவரியில் ஆரம்பித்தேன், காசிமேடு பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று தெரியாதா? தெரியும். எக்செல்லுக்குத் தெரியாது, அதற்கு நான் சொல்லவில்லை. விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஃபைபர் படகு, கட்டுமரத்தில் வருகிற கொஞ்சமும் வெளியூர் வரத்தும்தான், விலை ஏறிக் கிடக்கும். அப்புறம் புரட்டாசி, கார்த்திகையில் ஐயப்ப மாலை, கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம். ஆடியில் கூழ் ஊற்றுகிற வாரங்களில் மட்டும் கருவாடு பறக்கும்.

இரண்டாவது பிளானில் மாத வாரியாக எழுதும்போது எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மாதத்துக்கும் "அந்த மாசம் யாரு வாங்குவா" என்று சொல்லச் சொல்ல எழுதினேன், ஆலோசகருக்குக் காசு கொடுத்திருந்தாலும் இவ்வளவு சரியாக வந்திருக்காது. தடைக்காலத்தில் விற்பனையைப் பாதியாக்கினேன், அந்த இரண்டு மாதத்துக்குக் கருவாடும் மீன் ஊறுகாயும் என்று ஒரு பக்கம் சேர்த்தேன். கடன் தவணையில் ஆரம்பத்திலேயே சில மாதம் விடுமுறை கேட்கலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த விடுமுறை தடைக்காலத்தில் விழுகிற மாதிரி ஆரம்பத் தேதியை நகர்த்தினேன்.

உங்கள் தொழிலுக்கும் ஒரு தடைக்காலம் இருக்கும். கல்யாண மண்டபத்தை நம்பியிருந்தால் ஆடியும் மார்கழியும். பள்ளிக்கூடத்தை நம்பியிருந்தால் மே. வடசென்னையில் எந்தத் தொழிலாக இருந்தாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்கு ஒரு வரி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, ஃப்ரீசரில் இருந்த சரக்கை மொத்தமாக அள்ளிக் கொட்டினேன். இன்சூரன்ஸ் என்ற வரி என் பிளானில் இருந்தது, எதிரே பூஜ்யம் போட்டிருந்தேன், செலவைக் குறைத்துக் காட்டுவதற்காக.

அறிகுறி: ஒரு எண்ணை மாற்றினால் மற்றது மாறுவதில்லை

எக்செல்லில் சூத்திரம் போட வேண்டிய கட்டத்தில் விடையைத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அனுமானங்கள் எல்லாம் ஒரே ஷீட்டில், மற்ற ஷீட்டெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்கிற மாதிரி மாற்றுங்கள், ஒரு மதியம் ஆகும். அதோடு இரண்டு இடம் பாருங்கள். கடனில் வட்டி மட்டும்தான் லாப நஷ்டத்தில் செலவு, அசல் அங்கே வராது, ஆனால் காசுக் கணக்கில் இரண்டுமே வெளியே போகும். தேய்மானம், அதாவது ஃப்ரீசர், வண்டி எல்லாம் பழசாகி வருடா வருடம் மதிப்புக் குறைவது, இதற்கு நேர் எதிர், லாப நஷ்டத்தில் செலவு, கையிலிருந்து காசு போகாது. இந்த இரண்டும் இடம் மாறிக் கிடப்பதை நான் பார்த்த பிளான்களில் பாதிக்குமேல் பார்த்திருக்கிறேன், ஆடிட்டர் கையெழுத்துப் போட்டதிலும்.

அறிகுறி: பேங்க் "ஃபைல் முழுசா இல்லை" என்று திருப்பி அனுப்புகிறது

பெரும்பாலும் எழுத்தில் குறையில்லை, பின்னிணைப்பில்தான். ஃப்ரீசர் 85,000 என்று எழுதினால் அதற்கு ஒரு கொட்டேஷன், வாடகை 12,000 என்றால் ஒப்பந்தம், உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அல்லது உரிமம், தராசு வைத்து விற்றால் தராசு சரி என்பதற்கான முத்திரைச் சான்று. மின் இணைப்பையும் பாருங்கள். வீட்டு இணைப்புக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதை வைத்து ஃப்ரீசர் கரண்ட் செலவு போட்டவர் ஒருவர் வந்தார், தொழிலுக்குக் கமர்ஷியல் கட்டணம், இலவசமும் கிடையாது.

அடுத்து மானியம். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், யாரும் ஏமாற்றாமலே. பி.எம்.இ.ஜி.பி. என்று, தொழில் ஆரம்பிக்கக் கடனோடு மானியமும் தருகிற மத்திய அரசுத் திட்டத்தில் நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவுக்குத் திட்டச் செலவில் 15 சதவீதம், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 25 சதவீதம் மானியம். கைக்காசு முறையே 10, 5 சதவீதம். ஒரு பெண் 10 லட்சத்துக்கு எழுதினால் கைக்காசு 50,000, மானியம் 2 லட்சத்து 50 ஆயிரம். அந்த இரண்டரை லட்சத்தை முதல் மாத வரவில் எழுதிக் கொண்டுவருகிறார்கள். அது கைக்கு வராது. பேங்கில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும், தொழில் ஒழுங்காக நடந்தால் அப்புறம் கடனில் கழியும். அந்தத் தொகை அளவுக்குக் கடனுக்கு வட்டி போட மாட்டார்கள், அந்த நன்மை மட்டும் உடனே உண்டு. வரவில் எழுதியதை எடுத்து, வட்டியில் குறையுங்கள்.

இன்னொன்று, எனக்கே நடந்தது: அந்தத் திட்டம் புதிதாக ஆரம்பிக்கிற தொழிலுக்குத்தான். நான் ஆரம்பித்துவிட்டு, பில் புத்தகமெல்லாம் போட்டுவிட்டு, கிண்டியில் மாவட்டத் தொழில் மையத்தில் போய் நின்றேன். "தம்பி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்திருக்கணும்" என்றார்கள், பாவம், மரியாதையாகத்தான் சொன்னார்கள். சேர்க்கப்படாத தொழில்களின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது, அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கடைசியில் நான் வாங்கியது முத்ரா, சின்னத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டக் கடன். 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். எனக்குக் கிஷோர், அடமானம் கேட்கவில்லை.

பேங்க்காரர் பிளானில் தேடுகிற எண் எது என்று கேட்டால், மாதத் தவணைக்கு எதிரே எவ்வளவு நிற்கிறது என்பதுதான். வட்டியும் தேய்மானமும் கழிக்காத லாபம் 18,000, அசலும் வட்டியும் சேர்ந்த தவணை 12,000 என்றால் 1.5. ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கடன் தொகையைக் குறையுங்கள் அல்லது வருடத்தைக் கூட்டுங்கள். விற்பனையை மட்டும் தொடாதீர்கள்.

அறிகுறி: லாபம் வருகிறது, வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை

சம்பளப் பக்கத்தைப் பாருங்கள். பையன்கள் இருவர் பெயர் இருக்கும். உங்கள் பெயர் இருக்காது, உங்கள் அம்மா பெயர் இருக்கவே இருக்காது. எங்கள் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பேக் பண்ணுவார், நெத்திலி ஆய்வார், வாடிக்கையாளர் போன் பண்ணினால் "தோ கெளம்பிட்டாங்கோ கண்ணு" என்று சமாளிப்பார். பிளானில் அதற்கு ஒரு பைசா இல்லை. அவர் முழங்கால் வலியில் மூன்று வாரம் படுத்தபோது அந்த வேலைக்கு ஆள் தேடினேன், மாதம் 9,000 கேட்டார்கள், அந்த மாத மொத்த லாபமே அவ்வளவுதான் இருந்தது. அப்போது புரிந்தது, அது லாபம் என்றே சொல்ல முடியாது, அம்மாவின் கூலி என் பாக்கெட்டில் இருந்தது. பேங்க் வேண்டாம் என்றாலும் இந்த வரியைப் போடுங்கள், உங்கள் சம்பளத்தையும் சேர்த்து.

கூட்டாளி இருந்தால் இன்னும் கவனம். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், விலகினால் பணம் எப்போது, எந்த விலையில் திரும்பும் என்பதை "நமக்குள்ள இன்னா மச்சான்" என்று விட்டுவிடுகிறார்கள். என் ஃப்ரீசர் இன்னும் ஒரு மச்சான் வீட்டில் இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

அறிகுறி: 40 பக்கம் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை

யாரோ கொடுத்த மாதிரியிலிருந்து நகல் எடுத்திருப்பீர்கள். உலக மீன் சந்தை, இந்தியாவின் கடற்கரை நீளம், தொலைநோக்கு, இலக்கு. கிழித்துவிடுங்கள். யாருக்கு, எதை, என்ன விலைக்கு, எவ்வளவு அடக்கத்தில், எத்தனை பேரை வைத்து, எவ்வளவு பணம் வேண்டும், எப்போது திரும்பும். இரண்டு பக்கம், மாத வாரிக் கணக்கு மூன்று பக்கம், பின்னால் பில்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, கடைசி வரியில் மைனஸ் வருகிறது

இது பிழை இல்லை. போன வருடம் மாதவரத்தில் இரண்டாவது கிளை போடலாம் என்று எங்கள் அத்தை பையன் வந்தான், கடை பார்த்து அட்வான்ஸ் பேசிவிட்டு வந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்தோம். ஆர்டருக்கு நிமிடம் எத்தனை, இறாலில் நிற்பது எவ்வளவு, தடைக்காலம், அவன் சம்பளம், அவன் மனைவி சம்பளம், எல்லாம் 'எ', எல்லாம் 'கே'. காசிமேட்டிலிருந்து கூடுதல் தூரத்துக்கு ஐஸும் டீசலும் போட்டதும் மாதம் 6,000 ரூபாய் கீழே போனது. வழக்கம்போல அவன் விற்பனைக் கட்டத்தில் கர்சரை வைத்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். டீ வந்தது. "அட்வான்ஸ் இன்னும் குடுக்கலல்ல?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். கொடுக்கவில்லை.